இருவருக்கு மட்டுமா கண்ணீர்?

மயிலாடும்பாறையில் கடல் இல்லை. வருசநாட்டு மலைகளிலே பிறந்து இவ்வூர் வழியே இறங்கும் மூல வைகையிலும் ஆண்டின் பெரும்பகுதி நீரைவிட மணலே மிகுதி. கப்பலை நேரிற் கண்டவர் இங்கு எத்தனை பேர் எனக் கேட்டால் விரல்விட்டு எண்ணிவிடலாம். எனினும் 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் பின்னிரவில் அட்லாண்டிக் பெருங்கடலில் மூழ்கிய ஓர் ஆங்கிலக் கப்பலின் பெயரை இவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகள் அறிவர். அக்கப்பலின் முனையிலே கைகளை விரித்து நின்ற இருவரின் உருவத்தையும் அறிவர். அவ்விருவருக்காக எழுந்த பாட்டின் மெட்டு நம் வீட்டுக் கைப்பேசிகளில் மணியோசையாகவும் ஒலித்ததுண்டு. இவையெல்லாம் ஒரு திரைப்படத்தின் ஆற்றல்.

ஜேம்ஸ் கேமரூன் எடுத்த ‘டைட்டானிக்’ 1997 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிவந்து, 1998இல் நம் நாட்டுத் திரைகளை அடைந்தது. அவ்வாண்டு மார்ச்சில் 11 ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. உலகில் முதன்முதலாக நூறு கோடி டாலர் வசூலைத் தாண்டிய படம் அதுவே. கப்பல் மூழ்கிய நூற்றாண்டையொட்டி 2012இல் முப்பரிமாணப் படமாக மீண்டும் வந்தது. 2023 பிப்ரவரியில் மறுபடியும் வந்தது. அன்று பார்த்த பெண்மக்கள் இன்று தம் பெண்மக்களை அருகில் அமர்த்திக்கொண்டு பார்க்கின்றனர். தாய் அழுத இடத்திலேயே மகளும் அழுகின்றாள். கால் நூற்றாண்டைக் கடந்தும் வற்றாத இக்கண்ணீருக்கு ஊற்று யாது?

‘காதல்’ என்பது ஊரார் கூறும் விடை. ‘அழியாக் காதலைக் காட்டியது, அதனால் அழியாதிருக்கிறது’ என்கின்றனர். இவ்விடையை நாம் மறுக்கிறோம். செல்வக் குடும்பத்துப் பெண்ணும் ஏழை இளைஞனும் என்னும் கதை தமிழ்த் திரைக்குப் பழஞ்சோறு. அப்படிப்பட்ட கதைகள் ஆண்டுதோறும் வருகின்றன. வந்த சுவடு தெரியாமல் போகின்றன. இக்கதையையும் கரையிலே நிகழவிட்டிருந்தால் நான்கே வாரங்களில் மறந்திருப்போம். இதற்கு எடை தந்தது கடல். அக்கடலுக்கு எடை தந்தவை அதிலே மாண்ட ஏறத்தாழ 1500 உயிர்கள். மெய்யாக மாண்டவர்களின் சாவைக் கடனாகப் பெற்று, கற்பனையில் பிறந்த இருவருக்கு மாலை சூட்டியதே இப்படத்தின் வெற்றி. கடன் பெற்றோர் கடன் தந்தோரை மறந்தனர்; பார்த்த நாமும் மறந்தோம். நம் வழக்கு இதுவே.

மறந்தது எதனை என்பதை எண்ணிப் பார்ப்போம். அக்கப்பலில் இருந்தவர்கள் ஏறத்தாழ 2200 பேர். உயிர்காக்கும் படகுகள் 20. அனைத்திலும் நெருக்கி ஏற்றினாலும் 1178 பேருக்கே இடம். அதுவும் சட்ட விரோதமன்று! பிரிட்டிஷ் வணிக வாரியத்தின் அன்றைய விதிப்படி 16 படகுகளே போதுமானவை. பத்தாயிரம் டன் கப்பல்களை மனத்திற்கொண்டு எழுதிய விதி, 46,000 டன் கப்பல் கட்டப்பட்ட நாளிலும் திருத்தப்படாமற் கிடந்தது. இருந்த இடங்களாவது நிறைந்தனவா? 65 பேருக்குரிய முதற்படகு 30 பேர்கூட இல்லாமல் இறங்கியது. 40 பேருக்குரிய படகு ஒன்று 12 பேரோடு சென்றது. முடிவில் பிழைத்தவர் ஏறத்தாழ 700 பேர். முதல் வகுப்புப் பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டோர் கரை சேர்ந்தனர். மூன்றாம் வகுப்புப் பெண்களில் பாதிப்பேர்கூடக் கரை சேரவில்லை. மூன்றாம் வகுப்பில் பயணம் செய்த அனைவரையும் சேர்த்துக் கணக்கிட்டால் நால்வருக்கு மூவர் மாண்டனர். அவர்களுள் அன்றைய சிரியா நாட்டு மலைக் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்ற அரபு மொழிக் குடும்பங்களும் இருந்தன. வயிற்றுப்பாட்டுக்காகக் கடல் கடக்கும் குடும்பங்களின் துயரம் நம் சமுதாயத்துக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதன்று.

இவற்றுள் எதையுமே படம் காட்டவில்லை என்று நாம் கூறவில்லை. படகுகள் போதா என்பதைப் படமும் சொல்கிறது. மூன்றாம் வகுப்பினரைத் தடுத்த கம்பிக் கதவுகளையும் காட்டுகிறது. இயக்குநர் கடலடிக்கே பலமுறை இறங்கிச் சென்று சிதைந்த கப்பலைக் கண்டு வந்தவர். அவர் உழைப்பைக் குறைத்துப் பேசுவது நீதியன்று. நாம் கேட்பது வேறு. பார்த்து எழுந்தவர் நெஞ்சில் எது நின்றது? படகுக் கணக்கு நின்றதா, கப்பல் முனையில் விரிந்த கைகள் நின்றனவா?

இதற்குச் சான்றை வேறெங்கும் தேடவேண்டா. படத்தின் இறுதியில் கதாநாயகி ஒரு மரப்பலகையின் மீது கிடக்கிறாள்; கதாநாயகன் உறைநீரில் நின்றபடியே உயிர் துறக்கிறான். ‘அப்பலகையில் இருவருக்கும் இடம் இருந்திருக்குமா?’ என்னும் வினா உலகெங்கும் 25 ஆண்டுகள் விவாதிக்கப்பட்டது. தொல்லை பொறுக்க முடியாமல் இயக்குநரே குளிர்நீரில் இருவரை இறக்கிச் சோதனை நடத்தி 2023இல் அதை ஒளிபரப்பவும் செய்தார். எண்ணிப் பாருங்கள்! கற்பனைப் பலகை ஒன்றில் கற்பனை மாந்தர் ஒருவருக்கு இடமிருந்ததா என்று உலகம் கால் நூற்றாண்டு கணக்குப் பார்த்தது. மெய்யான படகுகளிலே ஏறத்தாழ 470 இடங்கள் வெறுமையாகச் சென்றன. அதற்குக் கணக்குக் கேட்டவர் எத்தனை பேர்?

காதலுக்காகத்தான் அழுகிறோம் என்பவரிடம் இன்னொன்றையும் கேட்போம். அக்கப்பலில் மெய்யான காதல் ஒன்று இருந்தது. இசிடோர் ஸ்ட்ராஸ் என்னும் முதியவரும் அவர் மனைவி ஐடாவும் 1871இல் மணம் புரிந்து 41 ஆண்டுகள் இணைந்து வாழ்ந்தவர்கள். மனைவிக்குப் படகில் இடம் கிடைத்தது. கணவரைப் பிரிந்து ஏற அவர் மறுத்தார், தம் பணிப்பெண்ணைப் படகில் ஏற்றிவிட்டுக் கணவரோடு நின்றார், அவரோடே மாண்டார். பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, நன்மை தீமைகளில் தோள் கொடுத்து முதிர்ந்த இல்லறத்தின் முடிவு இது. மூன்றே கால் மணி நேரப் படத்தில் இம்முதியோர்க்குக் கிடைத்தது கட்டிலில் அணைத்துக் கிடக்கும் ஒரு கணக் காட்சி. அவர்கள் பேசும் காட்சியும் எடுக்கப்பட்டு, பின்னர் வெட்டி நீக்கப்பட்டது. நான்கு நாட் பழக்கத்துக்கு மூன்று மணி நேரம். நாற்பதாண்டு இல்லறத்துக்கு ஒரு கணம்! இப்படம் காதலைப் போற்றுகிறது என்பாரும் உளரோ?

மாண்டவரைக் கடனாகப் பெற்றதோடு படம் நின்றுவிடவில்லை. மாண்டவர் ஒருவர்மீது பழியும் சுமத்தியது. வில்லியம் மர்டாக் என்பார் அக்கப்பலின் அதிகாரி. ஸ்காட்லாந்தின் டல்பீட்டி என்னும் சிற்றூரினர். படகுகளை இறக்கிப் பலரைக் காத்துத் தாம் மாண்டவர். படமோ அவர் பயணிகளைச் சுட்டுத் தம்மையும் சுட்டுக்கொண்டதாகக் காட்டியது. அவர் அவ்வாறு செய்தார் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஊரார் கொதித்தெழுந்தனர். 1998இல் படநிறுவனத்தின் பிரதிநிதி அவ்வூருக்கே சென்று வருத்தம் தெரிவித்து, அவர் நினைவாகப் பள்ளியில் வழங்கும் பரிசுக்கு 5000 பவுன் அளித்துத் திரும்பினார். மாண்டோரைப் பழிக்கற்க என்பது நம் பெருமானார் (ஸல்) அவர்கள் தந்த ஒழுக்கம். பதில் சொல்ல வாயற்றவர்மீது சொல்லும் பழி, உயிரோடிருப்பவர்மீது சொல்லும் பழியினும் கொடிது. அந்தச் சிற்றூர் மக்கள் தம் மாண்டவருக்காக எழுந்து நின்றனர். கதாநாயகனுக்காக அழுத கோடிக்கணக்கானோரில் அந்த மெய்யான மனிதருக்காக ஒரு சொல் சொன்னவர் யார்?

‘அவன் அவளுக்காக உயிர் துறந்தானே, அத்தியாகம் உயர்ந்ததன்றோ?’ எனச் சிலர் வினவுவர். தியாகம் உயர்ந்ததே. தாம் தேவையுற்றிருந்தும் தம்மினும் பிறரை முற்படுத்துவோரைத் திருமறை புகழ்கிறது. அரபியில் அதனை ஈஸார் என்பர். யர்மூக் போர்க்களத்திலே புண்பட்டுத் தாகத்தால் துடித்த தோழர்கள், தம்மிடம் வந்த நீரை ‘அடுத்தவருக்குக் கொடும்’ என்று அனுப்பி அனுப்பி, ஒருவரும் அருந்தாமலே உயிர் நீத்த வரலாற்றை நம் மதரஸாப் பிள்ளைகள் அறிவர். ஆனால் அங்கே அடுத்துக் கிடந்தவர் காதலியல்லர். அவரும் தாகித்த மனிதர் என்பதே போதுமானதாக இருந்தது. டைட்டானிக்கிலும் அத்தகையோர் இருந்தனர். பொறியியல் அதிகாரிகள் ஒருவர் எஞ்சாமல் மாண்டனர்; அவர்கள் கீழே நின்று உழைத்ததால்தான் கப்பல் மூழ்குமுன் இறுதி நிமிடங்கள் வரை விளக்கு எரிந்தது. கம்பியில்லாத் தந்தியாளர் ஜாக் பிலிப்ஸ் உதவி கேட்டுச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார், அவரும் மாண்டார். பிழைத்த 700 பேரும் அவ்விளக்கொளியில் படகேறியவர்கள். அச்செய்தியால் வந்த கப்பலில் கரை சேர்ந்தவர்கள். தாம் விரும்பியவருக்காக உயிர் கொடுப்பது மனிதருக்கு இயல்பு. முகமறியாதவருக்காகக் கொடுப்பதே அறம். முன்னதற்கு மூன்று மணி நேரம் அழுத நாம், பின்னதன் பெயரைக்கூடக் கேட்டறிந்தோமா?

இது மேல்நாட்டார் குற்றமென்று நாம் ஒதுங்கிவிட முடியாது. இருவரைப் பாடி ஆயிரவரை மறக்கும் வழக்கம் நம் மண்ணிலும் வேரூன்றியது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் எழுந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணியர் இரயிலைக் கடலலை மூடியது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இன்று அப்புயலைப் பேசுவோர் தவறாது எடுத்துரைக்கும் செய்தி யாது? திரையுலகத் தம்பதியர் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அன்று இராமேசுவரம் பக்கம் வந்திருந்து தப்பினர் என்பதே. தப்பிய இருவரின் பெயர் ஊரறியும். மாண்ட நூறு பேரின் பெயரை யாரறிவார்? கெடுதியின் நடுவிலும் நம் கண் இணையொன்றையே தேடுகிறது. கண்டபின் மற்றவரைக் காண மறுக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கினராகிய நமக்கு இன்னும் அருகில் ஒரு சான்று உண்டு. குமுளி மலைக்கு அப்பால் தேக்கடி ஏரி. பெரியாற்று அணையால் தேங்கிய அந்நீரே குகைவழி இறங்கி, கூடலூர் முதல் நம் பள்ளத்தாக்கை நனைத்து, வைகையிற் கலந்து, தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்குச் செல்கிறது. அந்த ஏரியிலே 2009 செப்டம்பர் 30ஆம் நாள் மாலையில் ‘ஜலகன்யகா’ என்னும் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. கரையில் தோன்றிய விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரு பக்கமாகச் சாய, படகும் சாய்ந்தது. மாண்டோர் 45 பேர். அவர்களுள் தமிழகத்திலிருந்து சென்றோரும் பலர். பயணிகள் மேலே மிதவைச் சட்டை இருக்கவில்லை.

அச்சொல்லை மீண்டும் படியுங்கள்: மிதவைச் சட்டை இருக்கவில்லை. 1912இல் படகு போதவில்லை. 97 ஆண்டுகள் கழித்து மிதவைச் சட்டை அணிவிக்கப்படவில்லை. இடைப்பட்ட காலத்தில் அக்கப்பலின் கதையை உலகம் எத்தனை முறை பார்த்தது! 1998இல் திரையரங்கில் அழுதோர் 2009இல் படகிலேறும்போது ‘எங்களுக்கு மிதவைச் சட்டை எங்கே?’ என்று கேட்கக் கற்றிருந்தார்களா? கற்பிக்காத கண்ணீர் எதற்கு? மூன்று மணி நேரம் கப்பல் மூழ்குவதைக் கண்டும், படகிலேறும் முன் கேட்கவேண்டிய ஒரு வினாவை அறியாது எழுந்தோமெனில், நாம் கண்டது விபத்தையன்று. விபத்தைத் திரைச்சீலையாகத் தொங்கவிட்டு முன்னால் ஆடிய கூத்தை. தேக்கடியில் மாண்ட 45 பேருக்குப் பாட்டில்லை; கப்பல் முனையில் விரிந்த கைகளில்லை. ஆகவே நம் பிள்ளைகளுக்கு அவர்களைத் தெரியாது. 45 பேர் மாண்ட அந்த ஏரியின் நீரே நம் வயலுக்கும் வருகிறது என்பதாவது அவர்களுக்குச் சொல்லப்பட வேண்டாமா?

அதே பெரியாற்று நீரைச் சுற்றி எழுந்த ஒரு படமும் உண்டு. 1886இல் செய்த குத்தகை 999 ஆண்டுகளுக்கு. பென்னிகுவிக் தலைமையில் கட்டிய அணை 1895இல் நிறைவுற்றது. அந்த 999ஐப் பெயரில் தாங்கி 2011 நவம்பரில் ‘டேம் 999’ வந்தது. அதிலும் ஒரு கப்பற் தலைவன், கைகூடாத ஒரு காதல், இறுதியில் அணை உடைந்து பாயும் வெள்ளம். சீனாவில் 1975இல் பான்சியாவ் அணை உடைந்து பல்லாயிரவர் மாண்ட கொடுமையை முன்னிட்டு எடுத்ததாக அதன் இயக்குநர் சோகன் ராய் கூறினார். தமிழக அரசு அப்படத்தைத் தடை செய்தது. அடுத்த மாதம் கம்பத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் குமுளி எல்லை நோக்கி நடந்ததையும், எல்லையில் வணிகம் நின்றதையும் நம் பள்ளத்தாக்கு மறவாது.

அப்படத்தின் மீது நம் குறை அச்சமூட்டியது என்பது மட்டுமன்று. அச்சத்துக்கும் ஒரு காதலைத் தாலியாகக் கட்டியது என்பதே பெருங்குறை. அணையைப் பற்றிக் கேட்கவேண்டிய வினாக்கள் வேறு. 1980களில் கம்பிவடங்கள் இறக்கியும் பின்புறம் கான்கிரீட் தாங்கல் கட்டியும் அணையை வலுப்படுத்தினரே, அவ்வேலை எத்தகையது? உச்ச நீதிமன்றம் 2014 மே 7ஆம் நாள் நீர்மட்டத்தை 142 அடி வரை தேக்க ஒப்பியதே, எவற்றை ஆராய்ந்து ஒப்பியது? கீழே வாழும் கேரள மக்களின் அச்சத்துக்கும், இங்கே அந்நீரையே நம்பி வாழும் உழவரின் உரிமைக்கும் நேர்மையான விடை யாது? இவற்றைக் கேட்கும் பொறுமையைக் காதற் கதை கெடுத்துவிடுகிறது. அணை உடையும்போது காதலர் என்ன ஆவரோ என்று ஏங்கும் நெஞ்சு, அணை உடையாதிருக்க என்ன செய்வது என்று எண்ணுவதில்லை. அணை உடைந்த செய்தி திருமறையிலும் உண்டு. ஸபா நாட்டின் அணைவெள்ளத்தை அது கூறுகிறது. இருபுறமும் தோட்டங்கள் பெற்ற மக்கள் நன்றி மறந்ததையும், அத்தோட்டங்கள் கசந்த கனியும் முட்புதரும் ஆனதையும் கூறுகிறது. அங்கே காதலர் இல்லை. ஒரு சமுதாயம் முழுவதும் இருக்கிறது.

இனி நம் மார்க்கத்தின் அளவுகோலால் இதனை அளப்போம். காதலித்து, அதனை மறைத்து, கற்பொழுக்கம் காத்து இறந்தவர் ஷஹீது என்னும் பொருளில் ஒரு கூற்று நபிமொழியாக நெடுங்காலம் வழங்கி வந்துள்ளது. புலவர்கள் அதனை விரும்பிப் பாடினர். ஹதீஸ் ஆய்வாளரோ ஏற்கவில்லை. இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் ‘ஸாதுல் மஆத்’ நூலில் அது பெருமானாரின் சொல்லன்று என்று அழுத்தமாக மறுத்துள்ளார்கள். ஆனால் ஐயத்துக்கிடமின்றி, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான நபிமொழியொன்று உண்டு. ஷஹீதுகளின் பட்டியலில் கொள்ளைநோயால் இறந்தவரையும், வயிற்று நோயால் இறந்தவரையும், இடிபாட்டில் சிக்கியவரையும், நீரில் மூழ்கியவரையும் அது சேர்க்கிறது. அச்சிறப்பு ஈமானுடையோர்க்கு உரியது என்பதை அறிவோம். நாம் சுட்டுவது பார்வையின் திசையை. மக்கள் காதலருக்கு ஷஹாதத்தைச் சூட்ட விரும்பினர். நாயகம் (ஸல்) அவர்களோ மூழ்கியவருக்குச் சூட்டினார்கள். அவர் யாரைக் காதலித்தார், அழகரா, இளைஞரா, எந்த வகுப்பில் பயணம் செய்தார் என்னும் வினாக்களே இல்லை. மூழ்கினார் என்பதே போதும். ஆயிரத்தைந்நூறு பேரையும் காணும் கண் அது. திரைப்படத்தின் கண்ணோ இருவரைக் கண்டு மற்றவரை நீரில் விட்டது.

காமமும் பேரிடரும் ஒருங்கே அமைந்த கதை திருமறையிலும் இருக்கிறது. கதைகளுள் அழகியதென்று அல்லாஹ்வே குறிப்பிடும் யூசுப் (அலை) அவர்களின் வரலாறு அது. ஒரு பெண்ணின் வேட்கை அதில் உண்டு. ஒரு நாட்டையே சூழ்ந்த பஞ்சமும் உண்டு. ஆனால் அங்கே வேட்கை அடக்கப்படுகிறது. பேரிடர் முன்னறிந்து தடுக்கப்படுகிறது. ஏழாண்டு உழுது விளைவித்து, உண்பதற்குச் சிறிது நீக்கி, எஞ்சியதைக் கதிரோடே விட்டுச் சேமிக்கச் சொன்னார்கள் அந்த நபி. களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டுப் பெற்றார்கள். பின்வந்த ஏழு கொடிய ஆண்டுகளைக் கடக்க அச்சேமிப்பே வழியாயிற்று. தானியத்தைக் கதிரோடு காத்தால் கெடாது என்பதை நம் பள்ளத்தாக்கு உழவருக்கு நாம் சொல்லித்தர வேண்டுவதில்லை. அழகிய கதை என்பதன் இலக்கணம் இங்கே இருக்கிறது: ஆசையை ஆளும் ஒருவர், ஆயிரவரைப் பசியினின்று காக்கிறார்.

நாமோ இந்தக் கதையையும் என் செய்தோம்? பாரசீகப் புலவர் ஜாமி முதலானோர் யூசுப், ஜுலைகா காதலைக் காவியமாக்கினர். திருமறை அப்பெண்ணின் பெயரையும் கூறவில்லை. நம் வீட்டுப் பெண்டிருக்கோ ஜுலைகா தெரியும், களஞ்சியம் தெரியாது. கைகளை அறுத்துக்கொண்ட மாதர் நினைவிருக்கின்றனர். ஏழாண்டுச் சேமிப்பு நினைவில் இல்லை. ஆகவே ஹாலிவுட்டைக் கடியுமுன் நம் சுவையையே கடிந்துகொள்ளல் வேண்டும். பேரழிவைத் தடுத்த கதையைக்கூடக் காதற் கதையாகச் சுருக்கிய நமக்கு, பேரழிவைக் காதற் கதையாக்கிய படம் இனிப்பது வியப்பன்று.

இவ்விடத்தில் நம்மவருள் ஒரு சாரார் குறுக்கிடுவர். ‘இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? படம் ஹராம், பார்க்காதே என்று சொல்லி முடித்தால் போதாதா?’ என்பர். அப்படத்தில் குடும்பத்தோடு அமர்ந்து காணத் தகாத காட்சிகள் உள்ளன என்பதை நாமும் மறைக்கவில்லை. ஆயினும், சொல்லி முடித்தீர்களே, முடிந்ததா? 1998இலிருந்து சொல்லி வருகிறீர்கள். திரையரங்கில் இருந்த படம் தொலைக்காட்சிக்கு வந்தது. தொலைக்காட்சியிலிருந்து சட்டைப் பைக்குள்ளே வந்துவிட்டது. வாயிலைக் காத்த நீங்கள் இன்னும் வாயிலிலேயே நிற்கிறீர்கள். பிள்ளையின் நெஞ்சில் ஓர் ஏக்கம் இருக்கிறது. அதற்கு நீங்கள் விலக்கைத் தந்தீர்கள், விடையைத் தரவில்லை. ‘டேம் 999’ஐத் தடுத்தபின் நம் பிள்ளைகள் அணையைப் பற்றி ஒரு சொல்லாவது கூடுதலாக அறிந்தனரா? தடை ஒரு படத்தை மறைக்கும், அறியாமையை மறைக்குமோ?

மற்றொரு சாரார், ‘அழுதால் நெஞ்சு இளகும், இளகிய நெஞ்சு நன்மை செய்யும்’ என்பர். நெஞ்சு இளகுவது அருளே. மறுக்கவில்லை. ஆனால் எதுவும் கேளாத கண்ணீர் நெஞ்சை இளக்குவதில்லை. நெஞ்சு இளகிவிட்டது என்னும் மயக்கத்தைத் தருகிறது. திரைக்கு முன்னே கசிந்தவர், திரை விலகியதும் கடமை தீர்ந்தவராக எழுகிறார். கண்ணீருக்கு உரைகல் ஒன்றே: அது காலைத் தெருவில் இறக்குமா?

இறங்கிய கால்களை நாம் கண்டிருக்கிறோம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியபோது, நாகூர் தர்கா தன் நிலத்தைத் திறந்துவிட்டது. நூற்றுக்கணக்கான உடல்கள், இவர் எவர், எச்சமயத்தார் என்று கேளாமல் அங்கே அடக்கப்பட்டன. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தின் இளைஞர்கள் மீனவச் சகோதரர்களின் உடல்களைச் சுமந்தனர். உயிர் பிழைத்தோருக்கு உணவளித்தனர். அவர்களில் எவரும் எந்தக் காதலருக்காகவும் அங்கே செல்லவில்லை. மாண்டவர் மனிதர் என்பது போதுமானதாக இருந்தது. அதுவே நாம் காவியமாகப் பாடவேண்டிய கதை. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்? நம் எழுத்தாளர் எத்தனை பேர் அதனை எழுதினர்? நல்ல கதையைச் சொல்லாத வீட்டில்தான் பிறர் கதை வந்து குடியேறுகிறது.

ஆகவே பெற்றோர்க்கு நாம் சொல்வது இது. அடுத்த முறை அந்தக் கப்பல் உங்கள் வீட்டுத் திரையில் மூழ்கும்போது பிள்ளையின் கையிலிருந்து கருவியைப் பறிப்பதோடு நின்றுவிடாதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். ‘அந்தக் கப்பலில் எத்தனை படகுகள்? எத்தனை பேர்? ஏன் போதவில்லை? விதியை எழுதியவர் யார்? இறுதி வரை விளக்கெரித்தவர் யார்?’ எனக் கேளுங்கள். அவ்விபத்தின் பின் 1914இல் நாடுகள் ஒன்றுகூடிக் கடற்பயணக் காப்பு உடன்படிக்கை செய்தன. கப்பலில் உள்ளோர் அனைவருக்கும் படகில் இடம் வேண்டும் என்பதை வற்புறுத்தின. பனிப்பாறைகளைக் கண்காணிக்கும் ரோந்தும் ஏற்பட்டது. மாண்ட 1500 பேருக்கு உலகம் எழுப்பிய மெய்யான நினைவுச் சின்னம் அதுவே என்று சொல்லுங்கள். பின்னர்த் தேக்கடியைச் சொல்லுங்கள். படகில் ஏறுமுன் மிதவைச் சட்டை கேட்கவும், மலையில் மழை பெய்து மூல வைகை செந்நீராய்ப் பெருகும்போது ஆற்றில் இறங்காதிருக்கவும், இறங்க முயல்வோரைத் தடுக்கவும் சொல்லுங்கள். பெருமக்களே, இதுவும் மார்க்கக் கல்வியே. ஓர் உயிரைக் காத்தவர் மனித குலம் முழுவதையும் காத்தவர் போன்றவர் என்னும் திருமறைக் கருத்தை மேடையில் முழங்குவதோடு நாம் நிறுத்திக்கொள்ளலாகாது.

இருவருக்காக அழவேண்டா என்று நாம் கூறவில்லை. அவ்விருவருக்குப் பின்னே இருண்ட நீரில் மிதந்த மற்றவரையும் கண்டு அழுங்கள் என்கிறோம். மற்றவரைக் கண்டவருடைய கண்ணீர், கன்னத்தோடு நில்லாது. படகில் இடம் எத்தனை என்று எண்ணத் தொடங்கும். அவ்வாறு எண்ணும் பிள்ளைகளை இப்பள்ளத்தாக்கின் ஒவ்வோர் இல்லத்திலும் வளர்க்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.